வளைவில் யாரும் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் இறக்கம்தான். மேம்பாலம் இறங்கி முடிகிற இடத்தில், பழுதாகி நிற்கும் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு ஸ்பீட் கன்னைப் பிடிக்க வேண்டும். நான் வாக்கிடாக்கியில் நம்பரைச் சொல்வேன். சற்றுத் தள்ளி நிற்கும் ஏட்டு வண்டியை ஓரம் கட்டுவார். சும்மா விட்டாலே வண்டி தானாக வேகம் எடுக்கிற இடம் அது. கேஸ் குவிகிறது. இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல்.

பழைய ஸ்கூட்டரில் வந்த ஒரு பெரியவர் அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "ஏம்மா, வேகமா வரக் கூடாதுன்னா முன்னாடி நின்னு சொல்லணும். இப்படி ஒளிஞ்சு நிக்கிறது யாரு செய்யற வேலை?"

"வேகமா வர்றது மட்டும் யாரு செய்யற வேலை?" என்று எகிறினேன். அவர் போய்விட்டார். கோபம் போகவில்லை. அவர் மேலா? இல்லை. 'ஒளிஞ்சு' என்றாரே, அது மேல்.

மார்ச் 6, வியாழன்

மதியத்துக்கு மேல் ஒரு கேஸ் இல்லை. அத்தனை வண்டியும் பூனை மாதிரி வருகிறது. சீட் பெல்ட் என்ன, ஹெல்மெட் என்ன, முகத்தில் அப்படி ஒரு ஒழுக்கம்! ஏட்டு வந்து சொன்னார்: "நம்மளத் தாண்டிப் போறவன்லாம் எதிர்ல வர்றவனுக்கு ஹெட்லைட் அடிச்சுக் காட்டிக் கொடுக்கிறாம்மா."

இன்ஸ்பெக்டர் போனில் கத்தினார். நான் என்ன, ஒவ்வொரு வண்டியின் லைட்டையும் கையால் பொத்தவா முடியும்?

மார்ச் 7, வெள்ளி

பிடித்துவிட்டேன். லைட் அடிக்கிறவரைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். பஸ். டிரைவர் சீட்டில் சாட்சாத் என் வீட்டுக்காரர்! எதிரே வந்த காருக்கு இரண்டு தடவை பளிச் பளிச். போகிற போக்கில் எனக்கு ஒரு டாட்டா வேறு.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன்.

"யோவ், பொண்டாட்டி பொழப்புக்கே வேட்டு வைக்கிறியா?"

"மேடம் கோவமா இருக்கீங்க போல."

"சிரிக்காத. எத்தனை நாளா நடக்குது இது?"

"நீ அங்க நிக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. டிரைவருக்கு டிரைவர் செய்யறதுதான். உன் வேலை என்ன? வண்டி மெதுவாப் போகணும். போச்சா, இல்லையா?"

பதில் இல்லாதபோது எனக்குக் குரல் ஏறும். ஏறியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. பிறகு அவர் தட்டை அவரே கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அது இன்னும் எரிச்சல்.

மார்ச் 8, சனி

பேசவில்லை. நானாகப் பேசவும் மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

யூனிஃபார்மில் தோள்பட்டை பிரிந்துவிட்டது. தைக்கக் கொடுக்கப் போனேன். தையல்கார அக்கா எங்கள் தெருதான். கடை மட்டும் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், கிளினிக் வளைவில். தினம் நாலு தடவையாவது அந்த ரோட்டைக் கடக்கிறார்.

"உங்க ஆளுங்க ஏண்டி அந்த இறக்கத்துலயே பழியாக் கிடக்குறீங்க? அங்க எந்த மனுஷன் ரோட்டைத் தாண்டுறான்? இங்க வளைவுல வந்து நில்லேன். தாண்டறதுக்குள்ள உசுரு தொண்டைக்கு வந்துடுது."

சார் கிட்ட கேட்கிறேன் என்றேன். அக்கா ஊசியில் நூல் கோத்தபடி, "மறந்துடாத," என்றார்.

மார்ச் 12, புதன்

மறக்கவில்லை. கேட்டேன்.

"அங்க மறைவா நிக்க இடமே இல்லம்மா. நீ நிக்கிறது தூரத்துலயே தெரியும். தெரிஞ்சா எவன் வேகமா வருவான்?"

"அதுதானே சார் வேணும்?"

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்புறம் கேஸுக்கு எங்க போறது?"

ரோட்டில் ஆள் சாகாமல் இருக்க வேகத்தைப் பிடிக்கிறோமா, கேஸ் கிடைக்க வேண்டும் என்று வேகத்தை வளர்க்கிறோமா? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். "சரி சார்," என்று சொல்லிவிட்டு வந்தேன். தூ.

மார்ச் 19, புதன்

அக்காவை அடித்துவிட்டது.

கிளினிக் வளைவு. வெள்ளைக் கார். திரும்பும்போது பிரேக்கே பிடிக்கவில்லையாம். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லையாமே! மிஷின் மிதிக்கிற கால் அது!

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன்? லாரிக்குப் பின்னால். ஒளிஞ்சு. கூப்பிடு தூரத்தில் ரத்தம் ஓடுகிறது, நான் இங்கே மனிதர் நடக்காத ரோட்டில் நம்பர் படித்துக்கொண்டிருந்தேன். டூட்டி முடியும்போது இன்ஸ்பெக்டர் சொல்றாரு, "இன்னைக்கு நல்ல கேஸும்மா, சபாஷ்!" உங்க சபாஷைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க.

மார்ச் 20, வியாழன்

ஆஸ்பத்திரி. அக்காவின் கால் கட்டோடு தொங்குகிறது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"சார் கிட்ட கேட்டியா?" அக்கா கேட்ட முதல் கேள்வி.

"கேட்டேன்க்கா."

"என்ன சொன்னாரு?"

தண்ணீர் பாட்டிலை நிரப்பி வருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன். நிரம்பி வழிந்த பிறகும் குழாயடியிலேயே நின்றேன்.

மார்ச் 22, சனி

யாரையும் கேட்கவில்லை. ஸ்பீட் கன்னை எடுத்துக்கொண்டு நேராக வளைவுக்குப் போனேன். ஏட்டு, "வம்பு வேணாம்மா," என்றார். ஆனால் கூடவே வந்தார். கிளினிக் வாசலில், வெயிலில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நின்றேன். என்னைப் பார்த்த வண்டி ஒவ்வொன்றும் அடங்கியது. கிளினிக்குக்கு வந்தவர்கள் அவசரமில்லாமல் ரோட்டைத் தாண்டினார்கள். ஒரு கேஸ் இல்லை. இத்தனை வருஷ வேலையில் இதுதான் உருப்படியான நாள் என்று தோன்றியது.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் அறையில்:

"நாள் பூரா ஒரு கேஸ்கூட இல்ல. தூங்கினியா?"

"ஒரு விபத்தும் இல்ல சார்."

"நடக்காத விபத்தை நான் மேல எப்படிக் காட்டறது?"

மெமோ கொடுத்தார். உத்தரவில்லாமல் இடம் மாறியதற்கு விளக்கம் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். பயத்தில் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

மறுபடி இறக்கம். மறுபடி தண்ணீர் லாரி. வளைவில் ஒரு போர்டு இல்லை, ஒரு வேகத்தடை இல்லை. நாதியில்லை.

சாப்பிடும்போது நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். இத்தனை நாள் கழித்து.

"நாளைலேர்ந்து இறக்கத்துல லைட் அடிக்காதீங்க."

"சரிங்க மேடம்."

"வளைவு தாண்டினதும் அடிங்க."

அவர் கை தட்டிலேயே நின்றது. "அங்கதான் உங்க ஆளுங்க யாரும் இல்லையே?"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். எதிர்ல வர்றவனுக்குத் தெரியுமா?"

ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். "போலீஸ்காரி பொய் சொல்லலாமா?"

"நான் எங்க சொல்றேன்? நீங்கதானே சொல்லப் போறீங்க."

புரை ஏறும் அளவுக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையில் தட்டிவிட்டேன், கொஞ்சம் பலமாகவே.

ஏப்ரல் 2, புதன்

இவர் டிப்போவில் சொல்லிவிட்டாராம். ஒருத்தர் விடாமல் எல்லாரும் அடிக்கிறார்களாம். அவர்களைப் பார்த்து லாரிக்காரர்கள், லாரியைப் பார்த்து ஆட்டோ. ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

ஏப்ரல் 16, புதன்

இன்ஸ்பெக்டர் கடுகடுவென்று வந்தார். "கிளினிக் வளைவுல யாரு டூட்டி போட்டது? வர்ற வழில ரெண்டு பேரு எனக்கே லைட் அடிக்கிறான்."

"தெரியாது சார்."

"மறுபடி உன் வேலையா?"

"நான் இறக்கத்துலதானே சார் நிக்கிறேன்?"

உடனே நீங்கள் வேகத்தைக் குறைத்தீர்களா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. ஏட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு இருமினார். என் பெயரில் மெமோ இருக்கிறது. இவர் செய்ய வேண்டியதை ஊர் டிரைவர்கள் செய்கிறார்கள், அதுவும் திருட்டுத்தனமாக.

ஜூன் 21, சனி

விடுமுறை. காய்கறி வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பெரிய ரோட்டில் வந்தேன். மனசு எங்கேயோ, வண்டி நல்ல வேகம். கிளினிக் வளைவுக்கு முன்னால் ஒரு லாரி எதிரே வந்தது. முன்பின் பார்க்காத ஆள். பளிச் பளிச்.

அங்கே யாரும் இல்லை என்று இந்த உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் கை பிரேக்கைப் பிடித்துவிட்டது.

வளைவு திரும்பியதும், நடு ரோட்டில் அக்கா. கைத்தடி ஊன்றி, ஒரு கையைத் தூக்கிக் காட்டியபடி, மெல்ல மெல்ல. அதே வேகத்தில் வந்திருந்தால் — வேண்டாம், எழுத வேண்டாம்.

ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினேன்.

"இன்னைக்கு டூட்டி இல்லையாடி?"

"இல்லக்கா. லீவு."

"அப்ப இங்க யாரு நிக்கிறாங்க? கொஞ்ச நாளா எல்லா வண்டியும் மெதுவாத்தான் வருது. எங்க ஒளிஞ்சிருக்காங்கன்னுதான் கண்டுபிடிக்க முடியல."

"யாரும் இல்லக்கா."

அக்கா நம்பவில்லை. "சொல்லக் கூடாதுன்னா விடு," என்று சொல்லிவிட்டு மீதி ரோட்டையும் தாண்டிக் கடையைத் திறக்கப் போனார்.