நீ ஐயா, நான் டவாலி

11-7-1968, வியாழன்

கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி நான். அதே கோர்ட்டில் என் மகன் குமாஸ்தா. இன்று பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர், தன் வழக்கு எப்போது வரும் என்று அவனிடம் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

"யோவ் பெரிசு, எத்தினி தபா சொல்றது? வெளியே போய் நில்லு."

எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், வயசானவர்கிட்ட இப்படியா பேசுவ?" என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. "டவாலி, இது ஆபீசு. போய் உன் வேலையைப் பாரு."

"ஐயா சொல்றாரில்ல, போப்பா" என்றார் என்னிடம் பக்கத்து மேசைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அந்த நெசவாளி மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று நான்தான் சொன்னேன்: "கோர்ட் வாசல் தாண்டிட்டா நான் உனக்கு அப்பன் இல்ல. நீ ஐயா, நான் டவாலி." அது சரிதான். இப்போதும் சரி என்றுதான் சொல்வேன். அதை அவன் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்வான் என்று நினைக்கவில்லை.

வீட்டில், "சாப்பிட வாப்பா" என்று கூப்பிட்டான். பசி இல்லை என்றேன். அவனும் சாப்பிடாமல் படுத்துவிட்டான். அந்தப் பெரியவரிடம் அவன் மன்னிப்புக் கேட்கும்வரை அவனோடு பேசமாட்டேன்.

நாளைக் காலை அவன் உள்ளே நுழையும்போது நான் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்வேன். குரல் வர வேண்டும்.