ஏகாம்பரத்தின் நாக்கு

மார்ச் 10, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பல் காற்று. கொடியில் காயும் வேட்டி பழுப்பு.

சத்தியப் பிரமாணம்: இந்த நோட்டில் நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. படிக்கப்போவது நான் ஒருவன்தான். நானும் நம்பமாட்டேன்.

எழுதக் காரணம் பிலோமினா. தவக்காலத்துக்குக் கறியை விடு, மீனை விடு என்று சொல்லவில்லை, என் தர்மபத்தினி. “பீலாவ வுடு. நாப்பது நாளு. உன்னால முடியாதுய்யா.” குருசைத் தொட்டு ஒத்துக்கொண்டேன். மூன்று வாரமாக வாயில் உண்மை தவிர எதுவும் இல்லை. ஜீரணக் கோளாறு. உள்ளே சேர்ந்ததை எங்காவது கொட்ட வேண்டும். ஆகவே நோட்டு.

நான்: பீலா அந்தோணி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு. ஒருமுறை கொக்கி தவறிச் சூரியனைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன், அன்று ராயபுரத்தில் மதியம் சீக்கிரமே வந்துவிட்டது. அதற்கு மெமோ கொடுத்தார்கள்.

வாங்க வேண்டியது: பூண்டு, பல்பு, முழங்கால் தைலம்.

மார்ச் 12, வியாழன்

தோட்டம். தண்டுக்கீரை நல்ல உயரம். இந்தக் கீரைத் தண்டை வெட்டிக் கப்பலுக்குப் பாய்மரம் வைக்கலாம்.

தோட்டம் என்றால், முகத்துவாரக்குப்பம் போகும் வழியில் மூடிப்போன கம்பெனி ஒன்றின் பின்புறம். ஓனர் வெளிநாட்டில். காவலுக்கு ஆள் போடாமல் ரிடையர் ஆன எங்கள் நாலு பேரையும் கீரை போட்டுக்கொள்ள விட்டிருக்கிறார். மீஞ்சூர் மண் அடித்துப் பாத்தி கட்டினோம். கேட்டுக்குப் பூட்டு கிடையாது. மம்முட்டி, வாளி, எரு மூட்டை எல்லாம் போட்டது போட்டபடி.

நாலு பேர்: நான். கஸ்தூரி, காசிமேட்டில் மீன் விற்றவள், மூட்டு போனபின் கீரைக் கட்டு, வண்ணாரப்பேட்டை வரை அவள் கட்டுக்குப் பேர். மாணிக்கம், ரயில்வே, பேசுவது வருஷத்துக்கு இருமுறை. அப்புறம் ஏகாம்பரம். இனி ஏ. என்று எழுதுவேன், மை மிச்சம். என் தோஸ்து. லாரிக் கம்பெனி கேண்டீனில் சமையல். அவன் சாம்பாருக்காகவே ஆட்கள் ஓவர்டைம் பார்த்தார்கள்.

கிணறு ஒன்று. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடல் ஏறினால் அதில் உப்பும் ஏறும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் கீரை கருகும். முதலில் நாலு பேரும் ருசி பார்த்தோம். தினம் சண்டை. கஸ்தூரிதான் தீர்ப்புச் சொன்னாள்: “நாலு நாக்கு இருந்தா நாலு கெணறு. ஏகாம்பரண்ணா நாக்கு ஒண்ணு போதும்.” அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஏ. முதல் வாளியில் ஒரு வாய் எடுப்பான். கொப்பளிப்பான். துப்புவான். “நல்லது” என்றால் ஊற்றுவோம். “கெட்டது” என்றால் வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த நாக்கின் பெருமை:
மழைத்துளி ஒன்று பட்டால் மேகம் எந்த ஜில்லாவில் கிளம்பியது என்று சொல்லும்.
ஒரு முறை கிணற்றுத் தண்ணீரை வைத்தே எண்ணூரில் எந்தக் கப்பல் டீசல் சிந்தியது என்று சொல்லிவிட்டது, கேப்டன் வந்து காலில் விழுந்தான்.
என் அண்ணன் செத்த மறுநாள் கிணற்றடியில் முகம் கழுவினேன். என் கண்ணீர் உள்ளே விழுந்தது. நாக்கு அந்த உப்பைக் கண்டுபிடித்து, கடல் ஏறாத நாளிலேயே “கெட்டது” என்றது.

மார்ச் 18, புதன்

புழுக்கம். நாளை அமாவாசை.

ஏ. காய்ச்சலில் படுத்து எழுந்து போன வாரம்தான் வர ஆரம்பித்தான், அதுவரை தெருக்குழாயில் பிடித்துச் சுமந்தோம். இளைத்திருக்கிறான். நேற்றும் “நல்லது”, இன்றும் “நல்லது”. கஸ்தூரி வானத்தைப் பார்த்தாள். “அமாவாச கிட்ட வந்துச்சேண்ணா?” ஏ. திரும்பாமலே, “நாக்கு பொய் சொல்லாது கஸ்தூரி.” ஊற்றினோம். மாணிக்கம் கூடுதலாக இரண்டு வாளி.

பிலோமினா பல்பு கேட்டாள். இன்னும் வாங்கவில்லை.

மார்ச் 21, சனி

கீரை போச்சு.

நாலு பாத்தியும். ஓரம் கருகி, தண்டு தொங்கி, நாற்றங்காலில் ஒன்றுகூட நிற்கவில்லை. கஸ்தூரி பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மூட்டு வலியில் உட்காரவே மாட்டாள் அவள். மாணிக்கம் இந்த வருஷத்துக்கான பேச்சில் ஒன்றைச் செலவழித்தான்: “உப்பு.”

“உப்பா? நாந்தான் பாத்தேன்ல?” ஏ. கத்தினான். “எவனாவது வெளிய கழிவத் தொறந்து வுட்டிருப்பான்!”

மாணிக்கம் கருகிய தண்டுகளைப் பிடுங்கிக் குவிக்க ஆரம்பித்தான்.

மார்ச் 22, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம், தூங்கிவிட்டேன், பிலோமினா முழங்கை.

மதியம் ஏ.யைச் சிரிக்க வைக்கவேண்டும் என்று ஒரு திட்டம். தவக்காலத்தில் பீலாதான் கூடாது, குறும்பைப் பற்றிப் பேச்சு இல்லை. பிளாஸ்க்கில் டீ. அவன் டம்ளரில் மட்டும் கல்லுப்பு, ஒரு பிடி. யானைக்கே வாந்தி வரும். அவன் துப்புவான், “பேமானி!” என்று மம்முட்டியோடு துரத்துவான், தோட்டத்தைச் சுற்றி ஓடுவேன். இதற்கு முன்னும் ஓடியிருக்கிறேன்.

குடித்தான். நிதானமாக. கடைசி மடக்கு வரை.

“சக்கர கொஞ்சம் தூக்கல் மாமு.”

சிரிக்கத் தயாராக வைத்திருந்த வாய் அப்படியே நின்றது. டம்ளரை வாங்கி அடியில் கரையாமல் கிடந்த உப்பைக் காட்டினேன். பார்த்தான். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

“எப்பத்திலேர்ந்துடா?”

“காய்ச்சலுக்கு அப்பால. சோறு, சாம்பாரு, கருவாடு, எல்லாம் காயிதம் துன்ற மாரி கீது.”

“சொல்லியிருக்கலாம்ல? கெட்டதுன்னாவது சொல்லித் தொலைக்கிறது?”

“கெட்டதுன்னா ஒரு வாரம் வுடுவீங்க, ரெண்டு வாரம் வுடுவீங்க. அப்பறம் நீங்களே வாயில ஊத்திப் பாப்பீங்க. நல்லதுன்னா எவனும் கேக்க மாட்டான்.” கொஞ்சம் நிறுத்தி, “சம்சாரம் பூட்சி. கேண்டீன் பூட்சி. காலைல எழுந்தா இந்த ஒரு வாய்த் தண்ணிக்கு மூணு பேர் நிக்கிறீங்க. அதையும் எடுத்துகினா எனக்கு இன்னாடா கீது?”

சொல்லமாட்டேன் என்று கையில் அடித்தேன். அவன் அழவில்லை. நான் அழுதேன். கூவம் இரண்டடி உயர்ந்தது.

மார்ச் 23, திங்கள்

மகத்தான திட்டம். அவனுக்கு நாக்கு இல்லை, எனக்கு இருக்கிறது, பெரிய நாக்கு, ஊரே சொல்லும். இனி நான் எல்லோருக்கும் முன்னால் போய் ருசி பார்ப்பேன். உப்பு என்றால் வாளியைக் கவிழ்த்து வைப்பேன். நல்லது என்றால் நிமிர்த்தி. ஏ. வந்து வாளியைப் பார்ப்பான், அப்புறம் கொப்பளிப்பான், துப்புவான், சொல்லுவான்.

ஏ. கேட்டான், “மெய்யாலுமா மாமு? தெனம் வருவியா?”

“உன் நாக்குக்கு நான் ட்ரைவருடா.”

சிரித்தான். இளைத்த முகத்தில் பல் மட்டும்.

மார்ச் 24, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. சுருக்கமாக.

கஸ்தூரி இரண்டு பாட்டிலோடு வந்தாள். “ஒண்ணுல குழாத்தண்ணி. ஒண்ணுல கடத்தண்ணி. எதுன்னு சொல்லுண்ணா. மேட்டர் முடிஞ்சிடும்.” கோபம்கூட இல்லை அவள் குரலில், கெஞ்சல்தான். அவளுக்கும் ஏ. சரியாகச் சொல்லிவிடவேண்டும் என்றுதான்.

ஏ. ஒரு பாட்டிலை எடுத்தான். மூடி திறக்க வரவில்லை. என்னைப் பார்த்தான்.

நான் வாயைத் திறந்தேன். “வோணாம் கஸ்தூரி. கருவாட்டுத் தொட்டி கழுவின தண்ணிய நாந்தான் கெணத்துல ஊத்தினேன். குடம் குடமா. வெளையாட்டுக்கு.”

“பீலா வுடாதண்ணா.”

“தவக்காலம்மா. குருசத் தொட்டிருக்கேன்.”

அவ்வளவுதான். காற்று நின்ற மாதிரி. நான் இந்த நாற்பது நாளும் பொய் சொல்லமாட்டேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேனே. சூரியன், கேப்டன், வாழ்நாள் முழுக்க விட்டதில் எவரும் நம்பாதவன், இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் நம்பினார்கள்.

கஸ்தூரி எழுந்தாள். “கஸ்மாலம். வெளையாட்டா உனக்கு? இந்த மூட்டு வலிய வெச்சிகினு நான் தூக்கின தண்ணியா உனக்கு வெளையாட்டு? எழுந்து போய்யா.”

ஏ. பாட்டிலைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்காமல், மாணிக்கத்திடம் சொல்லுகிற மாதிரி:

“நான் அன்னிக்கே நென்ச்சேன். நான் பாக்க சொல்லோ நல்லாத்தான் இருந்திச்சு. அப்பாலதான் எவனோ கைய வெச்சிருக்கான்னு.”

எனக்கு எதிராக அவன் சாட்சி சொல்லாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். சாட்சியும் சொன்னான்.

மார்ச் 25, புதன்

பிலோமினாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் நடுவில் சேதிக்கு டிக்கெட் வேண்டாம்.

“நம்ம வூட்ல ஏதுய்யா கருவாட்டுத் தொட்டி?”

பல்பு வாங்கப் பையை எடுத்தேன். அவள் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் பூண்டு உரிக்கப் போனாள்.

மார்ச் 27, வெள்ளி

சிலுவைப்பாதை. கேட்டில் பூட்டு. இத்தனை வருஷத்தில் முதல் பூட்டு. சின்னது, சைக்கிளுக்குப் போடுவது. ஆனால் அதைப் பார்த்தபோது மத்திய சிறைக்கதவு.

பின்பக்கச் சுவர் இடிந்த இடத்தில் ஏறினேன். எவரெஸ்ட். பாதியில் முழங்கால் ராஜினாமாக் கடிதம் கொடுத்தது, ஏற்கவில்லை. தண்ணீர் நல்லது. வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

தெருமுனையில் ஏ. எதிரே. கடைக்குள் திரும்பிவிட்டான். அது வளையல் கடை.

மார்ச் 30, திங்கள்

நாலு நாளாகச் சுவர். நாலு நாளும் நல்லது. புது விதை போட்டிருக்கிறார்கள், பாத்தியில் ஈரம் இருக்கிறது, அப்படியானால் ஏ. வாளியைப் பார்த்துத்தான் சொல்லுகிறான். பேச்சு இல்லை. வாளி பேசுகிறது. போதாதா, போதும்.

போதாது.

நேற்று குருத்தோலை ஞாயிறு. அவன் வீட்டுக் கதவிலும் ஓலை ஒன்று செருகிவிட்டு வந்தேன், அவனுக்கும் வேதத்துக்கும் சம்பந்தமில்லை, வருஷாவருஷம் செய்வது. வழக்கமாக, “இன்னா மாமு, என்ன மாத்தப் பாக்குறியா?” என்பான். கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் குறைந்தது.

ஏப்ரல் 2, பெரிய வியாழன். பௌர்ணமி

பொழுது விடிந்த கையோடு போனேன். மேகமில்லை. ஒரு வாய் எடுத்தேன். கடல். சுத்தமான வங்காள விரிகுடா. வாளியைக் கவிழ்த்தேன். சுவரில் ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம்.

கேட் திறந்தது. கஸ்தூரி, பின்னால் ஏ., மாணிக்கம். சீக்கிரம் வந்துவிட்டார்கள், முளைத்த நாற்றைப் பார்க்கும் ஆசை.

“திரும்ப வந்துட்டியா? இன்னிக்கி இன்னாத்தக் கலக்கின?”

நான் ஏ.யைப் பார்த்தேன். அவன் வாளியைப் பார்த்தான், கவிழ்ந்து கிடந்தது. அப்புறம் என்னை. ஒரே ஒரு நொடி. அவனிடமிருந்து ஒரு வார்த்தை போதும் எனக்கு. எந்த வார்த்தை என்றாலும் சரி, திட்டினால்கூடச் சரி.

வாளியை நிமிர்த்தி இறைத்தான். ஒரு வாய் எடுத்தான். கொப்பளித்தான். துப்பினான்.

“கெட்டது.”

“பாத்தியா!” கஸ்தூரி மாணிக்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “இவன் கைய வெச்சதும் கெட்டுப்போச்சு பாத்தியா! ஏகாம்பரண்ணா நாக்குதான் இன்னிக்கிக் காப்பாத்துச்சு!”

ஏ. தலையை ஆட்டினான். ஆட்டினானா, குனிந்தானா, சுவர் மேலிருந்து சரியாகத் தெரியவில்லை. குனிந்தான் என்று எழுதிக்கொள்கிறேன்.

இறங்கும்போது கை கிழிந்தது. பத்து லிட்டர் ரத்தம். சாயங்காலம் கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. போகவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

வெயில். கோயில் கஞ்சி.

சுவர் இடிந்த இடத்தில் கல்லும் முள்ளும் அடுக்கிவிட்டார்களாம், மாணிக்கம் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். வருஷத்தின் இரண்டாம் பேச்சு எனக்கு. இனி அமாவாசைக்கு வாளியை யார் கவிழ்ப்பது? ஏ., காலண்டரையாவது பாருடா.

பிலோமினா கஞ்சிக்குத் துவையல் வைத்தாள். “நாப்பது நாள்ல ஒண்ணே ஒண்ணுதான வுட்ட. சாமி ஒண்ணும் சொல்லாது.”

கணக்கு முடிக்கிறேன். சூரியன், பீலா. கேப்டன், பீலா. கூவம் உயர்ந்தது, பத்து லிட்டர் ரத்தம், பீலா. மழைத்துளி, மேகம், ஜில்லா, எல்லாம் பீலா. கிணற்றில் என் கண்ணீர் விழுந்து உப்பானது, அதுவும்தான்.

ஆனால் என் அண்ணன் செத்த மறுநாள் கடல் ஏறவில்லை. தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது, நானே ஒரு வாய் குடித்திருந்தேன். ஏ. கொப்பளித்தான், துப்பினான், என் மூஞ்சியைப் பார்த்தான், “கெட்டது” என்றான். எல்லோரும் வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவன் போகவில்லை. வெயில் ஏறும் வரை என்கூட வரப்பில் உட்கார்ந்திருந்தான், ஒன்றும் பேசாமல்.

அது மட்டும் நடந்தது.