கேசட்டில் வந்த குத்து

நேற்று என் கராத்தே வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. யாரோ ஓடிப்போய்க் கோடாலித் தைலம் வாங்கிவந்து தேய்த்தார்கள். அரிசி ஆலைக் களம் முழுக்க அந்த வாடை பரவியதும் நான் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ மலேசியாவிலிருந்து வரும்போது உன் சட்டை, பெட்டி, நீ கொடுக்கும் மிட்டாய்கூட இந்த வாடைதான் அடிக்கும். கண்ணில் தூசி என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உன்னிடம் என்ன மறைப்பு, அழுதேன்.

பாபநாசம் பள்ளிக்கூட மைதானத்தில் நாம் இருவரும் ஒரே நாளில்தான் கராத்தே சேர்ந்தோம். பிறகு நான் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலைக்குப் போனேன். நீ பண்டாரவாடைக்காரன், உங்கள் தெருவில் மீசை முளைத்தால் பாஸ்போர்ட்டும் முளைத்துவிடும். ஈப்போவில் உன் மாமாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டாய். நான் சாயங்காலங்களில் ஆலைக் களத்தில் கராத்தே வகுப்பு ஆரம்பித்தேன். நெல் காய்கிற நாட்களில் விடுமுறை, மற்ற நாட்களில் குத்து. அடுத்தவர் வயலில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர் என் அப்பா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ‘சார்’ என்று கூப்பிடப்பட்டவன் நான். இதை ஏன் சொல்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

உன் அம்மாவுக்கு எழுத்து வராது, அதனால் நீ கேசட்டில் பேசி அனுப்புவாய். கேசட் வந்தால் என்னைக் கூப்பிடவும் உங்கள் வீட்டிலிருந்து ஆள் வரும். முதல் பக்கம் வீட்டுக்கு, இரண்டாம் பக்கம் எனக்கு. தங்கைக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்ட அதே அக்கறையோடு சீனக் குத்துகளைப் பற்றியும் உன் அம்மா கேட்டுக்கொண்டிருப்பார்கள். மார்க்கெட் பின்புறம் காய்கறி விற்கிற சீனர்கள் விடியற்காலையில் பயிற்சி செய்வார்கள் என்றும், ஆளுக்கொரு முறை என்றும் சொல்லியிருந்தாய்.

“மாப்ள, நம்ம கராத்தேல குத்து இடுப்புலேர்ந்து முறுக்கிக்கிட்டுப் போவும். இங்க விங் சுன்னு ஒண்ணு இருக்குடா. நெஞ்சுக்கு நடுவுலேர்ந்தே கெளம்புது. முறுக்கே கெடையாது, கட்டைவிரல் வானத்தப் பாக்குது, ஒண்ணு மேல ஒண்ணா வருது.”

இடுப்பில்லாத குத்து ஒரு குத்தா, கதவைத் தட்டுகிற வேலை என்று பதில் பேசி அனுப்பினேன். “தட்டுனதுல எனக்குப் பல்லு ஆடுது” என்று அடுத்த கேசட்டில் வந்தது. சோய் லீ ஃபட் என்பதில் களத்தில் கதிரடிக்கிற மாதிரி முழுக் கையையும் வீசி அடிப்பார்கள் என்றாய். ஷிங் யீயில் காலும் கையும் ஒரே நொடியில் போய்ச் சேரும், கால் எடுத்து வைப்பதே பாதிக் குத்து என்றாய். எது பெரியது என்று நான் விடாமல் கேட்டேன். “பெருசு சிறுசு கேக்காத. எதிராளி எவ்வளவு தூரத்துல நிக்கிறான்னு கேளு” என்றாய். ஒட்டி நிற்பவனுக்கு விங் சுன், ஓரடி தள்ளி நிற்பவனுக்கு வீச்சு. அதுவரை அப்படி நான் யோசித்ததே இல்லை.

உங்கள் தெருவில் வந்த கேசட்டிலேயே பதிலைப் பேசி, அடுத்துக் கிளம்புகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு தடவை நான் வருவதற்குள் உன் அம்மா பதில் பேச உட்கார்ந்து, இரண்டாம் பக்கத்தின் நடுவில், பதிவு செய்கிற சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டார்கள், அந்த இடத்தில் நீ பேசியிருந்தது அழிந்துபோனது. நான் போட்டுக் கேட்டபோது, குதிரை மேல் உட்கார்வது போலக் காலை அகட்டித் தாழ்ந்து நில் என்றாய். நடுவில் உன் அம்மா பத்து நிமிடம் கிணற்று மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மறுபடி நீ, முழங்கையை உள்ளே வை, கட்டைவிரல் மேலே என்றாய். நான் இரண்டையும் ஒன்றென்று சேர்த்துக்கொண்டேன். முதலில் நீ சொன்னது ஹங் கார் என்ற முறையின் கால். பிறகு வந்தது விங் சுன்னின் கை. ஒரு வருடம் அதையே சொந்தச் சரக்குபோலப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

விடுமுறையில் வந்தவன் நேராகக் களத்துக்கு வந்தாய். முப்பது பிள்ளைகள் அகட்டி உட்கார்ந்து படபடவென்று குத்திக்கொண்டிருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

“என்னடா இது, குதுர மேல உக்காந்து மாவு பெசையிறீங்க!”

அகட்டி நின்றபடியே நான் முறைத்ததும் ஒரு கையால் என் நெஞ்சில் லேசாகத் தள்ளினாய். அந்த நிலை பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும், எதிர்த் தள்ளலைத் தாங்காது. மல்லாந்து விழுந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“ரெண்டும் கலந்துருச்சு மாப்ள. இப்பவே அதுங்ககிட்ட சொல்லிரு, முடிஞ்சுது.”

“நீ கெளம்பு” என்றேன். ‘இது வேறு கிளை முறை, அவனுக்குத் தெரியாது’ என்று பிள்ளைகளிடம் வாய் கூசாமல் சொன்னேன். தப்பு என்று ஒத்துக்கொண்ட அன்றே ‘சார்’ போய்விடும் என்று பயம். நீ கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்குக்கூட நான் வரவில்லை.

பிறகும் ஒரு கேசட் வந்தது. “புள்ளைங்க முன்னாடி தள்ளிருக்கக் கூடாது, மன்னிச்சிரு. ஆனா சொல்லிரு” என்றாய். பதில் பேச உட்கார்ந்து, பட்டனை அமுக்கி, உடனே நிறுத்திவிட்டு எழுந்து போனேன். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். உனக்கு மாரடைப்பு என்று உன் தங்கை வந்து சொன்னபோது உன்னை ஈப்போவிலேயே அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை பேசியிருக்கலாமடா. என்ன குறைந்துபோயிருக்கும் எனக்கு?

அதற்குப் பிறகும் இத்தனை வருடம் அந்தக் கலப்படக் குத்துதான் என் வகுப்பில் ஓடியது. போன மாதம் தேன்மொழி போனோடு வந்து நின்றாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள், துடுக்கு வாய்.

“சார், இந்த வீடியோல விங் சுன் செய்றவங்க யாருமே நம்மள மாதிரி உக்காரல. நேராத்தான் நிக்கிறாங்க. நாம செய்றது தப்பா சார்?”

‘வேறு கிளை’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தப்புதாம்மா. தப்பு என்னுது” என்றேன்.

கேசட், கிணற்று மோட்டார், நீ தள்ளியது, நான் விழுந்தது, பதில் பேசாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். மோட்டார் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதில் பேசாத இடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அன்று இரண்டு முறைகளையும் தனித்தனியாகப் பிரித்து, முதலிலிருந்து நானும் அவர்களோடு நின்று பழகினேன்.

மறுநாள் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே களத்தைக் கூட்டினேன். ஐந்தரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள், ஒருத்தர் குறையவில்லை. தேன்மொழி ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருந்தாள்.

“சார், இன்னும் என்னென்ன தப்பு இருக்கு?”

“நெறைய இருக்கும்மா. உக்காரு, ஒவ்வொண்ணா பாப்போம்” என்றேன். பயமே இல்லை. நீ எனக்குக் கொடுத்ததில், தப்பைச் சொல்லிவிடுகிற இந்தத் தைரியம்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. இதை வைத்துக்கொண்டுதான் தினமும் களத்தில் நிற்கிறேன்.