உன் அம்மாவின் ப்ரென்ட்லி

ஃபெர்ன்டேல், மிச்சிகன்
நவம்பர் 30

அன்புள்ள டெலனி கண்ணு,

டூசான் வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன், உன் தாத்தா கொண்டுவந்து வைக்கும் முட்டைக்கோஸ் சூப்பைச் சூடு பண்ணிக் குடிக்கிறேன். அம்மா போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிவிட்டது. உனக்கு ஒரு விஷயத்தைப் போனிலேயே சொல்ல இரண்டு தடவை பார்த்தேன். நீ அவசரத்தில் இருக்கிறாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் ப்ரென்ட்லி கார் இப்போது இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வழி டிக்கெட்டில் வந்து, நீயே ஓட்டிக்கொண்டு அரிசோனாவுக்குத் திரும்புவதாக இருந்தாயே, அந்தக் கார்தான். விற்கவில்லை. விபத்தும் இல்லை. நான்தான் பிரித்துப்போட்டேன்.

எப்படி நடந்தது என்று கேட்பாய். என் வேலை உனக்குத் தெரியும், எதிரி கம்பெனி வண்டியை வாங்கிவந்து போல்ட்டு போல்ட்டாகக் கழற்றி, எடை போட்டு, நம்பர் ஒட்டிப் பலகையில் மாட்டுவது. இந்த வருடம் எங்கள் ஹாலிடன் கம்பெனிக்கும் ப்ரென்ட்லிக்கும் விற்பனையில் சரிக்குச் சரி போட்டி. ப்ரென்ட்லி வைத்திருப்பவன் மறுபடியும் ப்ரென்ட்லிதான் வாங்குகிறான், எங்கள் வண்டி வைத்திருப்பவனும் அடுத்த தடவை ப்ரென்ட்லிக்கே போகிறான். டீலர்களைக் கேட்டால் கதவு கதவு என்கிறார்கள். பத்து வருடம் ஓடியும் அவர்கள் கதவு ஆடுவதில்லையாம். என் மேலாளன் டுவைட் செப்டம்பரில் என் மேசைக்கு வந்து, "ஏன்யா கர்ட், நம்ம கதவு மூணாவது வருஷமே தாளம் போடுது, அவங்களது மட்டும் எப்படிய்யா கம்முனு இருக்கு?" என்றான். புது வண்டிகளைப் பிரித்ததில் ஒன்றும் தெரியவில்லை, ஒரே ஆள் ஓட்டிய பழைய வண்டி வேண்டும், சர்வீஸ் சீட்டு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றான். அப்புறம், "தப்பா எடுத்துக்காதே, உங்க வீட்டு வண்டி சும்மாதானே நிக்குது" என்றான். சரி என்றேன். ஏன் என்று கேட்காதே. அந்த மாதம் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டார், சரி. தேவாலயத்திலிருந்து அம்மாவின் கோட்டுகளைக் கேட்டார்கள், சரி. நீ ஜூன் மாதமே அந்தக் காரைக் கேட்டிருந்தது எனக்கு நினைவுக்கே வரவில்லை கண்ணு. பொய் சொல்லவில்லை.

அந்தக் காரை நாங்கள் வண்டி பிரிக்கும் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹாலிடன் அல்லாத வண்டி வாசலருகே நிற்கக் கூடாது, கோடியில் இருக்கும் பார்க்கிங்குக்குத்தான் போக வேண்டும். நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அம்மா அங்கிருந்து பனியில் பன்னிரண்டு நிமிடம் நடந்து வருவாள். காவல்காரர் எர்ல் டப்பாவைத் திறந்து பார்த்து, "எதிரி வீட்டுச் சாப்பாடு கர்ட், விஷம் கிஷம் இருக்கப்போவுது, முதல்ல எனக்குக் கொடு" என்பார். இவள் சிரித்துக்கொண்டே, "நான் கட்டிக்கிட்டது இவரைத்தான், உங்க கம்பெனியை இல்ல" என்பாள். அந்தக் காரைத்தான் முதல் தடவையாக வாசல் வழியாக நேரே உள்ளே ஓட்டிக்கொண்டு போனேன். எர்ல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

முதல் நாள் கதவு நான்கையும் முழுசாகக் கழற்றி மேசையில் வைத்தோம். இரண்டாம் நாள் வண்டியின் உடம்பை ரம்பத்துக்குக் கொடுத்தோம், வெல்டிங் எப்படி இருக்கிறது என்று அறுத்துத்தான் பார்க்க வேண்டும். வண்டிக்குச் சொந்தமில்லாமல் உள்ளே கிடப்பதைக்கூடக் கூட்டி அள்ளி எடை போட வேண்டும் என்பது எங்கள் முறை. சூரியகாந்தி விதைத் தோல், ஒரு சீப்பு, உன் பல்மருத்துவரின் சீட்டு, எல்லாம் சேர்ந்து இருநூற்றுப் பதினான்கு கிராம். என் கையாலேயே எழுதினேன். மூன்றாம் நாள் கதவுகளைப் பிரித்தேன். உள்தகட்டை எடுத்ததும் இடுக்கெல்லாம் பச்சைக் கம்பளித் துணி. ஒரே அளவில் பட்டை பட்டையாக வெட்டி, மடித்து, கிரீஸ் தடவி, தகடு தகட்டில் படாமல் அழுத்தி வைத்திருந்தது. நான்கு கதவிலும். அது உன் கோட்டு. இரண்டாம் வகுப்பில் போட்டுக்கொண்டு போனாயே, பெரிய பித்தான் வைத்தது. அப்போதுதான் ஜூனில் நீ பேசியது நினைவுக்கு வந்தது, "அம்மா காரை யாருக்கும் கொடுத்துடாதப்பா" என்று. கூரை அதற்குள் இரண்டு துண்டாகக் கிடந்தது.

டுவைட் வந்து பார்த்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "சாம்பிளே கெட்டுப்போச்சு கர்ட். இது ப்ரென்ட்லி பண்ணின வேலை இல்ல, உன் வீட்டுக்காரி பண்ணின வேலை" என்றான். உரிமையாளரே கதவில் மாற்றம் செய்திருக்கிறார், ஆய்வுக்கு உதவாது என்று அறிக்கையில் எழுத வேண்டியவன் நான்தான், எழுதினேன். ஓஹையோவிலிருந்து வேறொரு வண்டி வாங்கியிருக்கிறார்கள். அக்டோபர் கணக்கில் ப்ரென்ட்லி எங்களை ஆயிரத்து நூற்று நாற்பது வண்டி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. அந்தத் துணியையாவது உனக்கு அனுப்பலாம் என்று கேட்டுப் பார்த்தேன், கூடத்துக்குள் வந்த ஒரு திருகாணிகூட வெளியே போகக் கூடாதாம். டுவைட் மேலிடத்தில் எனக்காக வாதாடினான், பாவம், நடக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். தோன்றவில்லை. போன வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் நசுக்கக் கொண்டு போய்விட்டார்கள்.

தேங்க்ஸ்கிவிங் விருந்து அன்றைக்குத்தான் தாத்தாவிடம் சொன்னேன். முப்பத்துநாலு வருடம் ப்ரென்ட்லியில் கதவு மாட்டியவர், ஒவ்வொரு வருடமும் வான்கோழியை அறுத்துக்கொண்டே, "உங்க ஹாலிடன் கதவைச் சாத்தினா பிஸ்கட் டின்னு மாதிரி சத்தம் வருது மாப்ளே" என்று ஆரம்பிக்கிறவர். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "துணி வைக்க எம் பொண்ணு ரெனாட்டாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்க கதவும் ஆடத்தான் செய்யும் மாப்ளே. ஜெயிச்சிக்கிட்டு இருக்கிறப்ப யாரு அதை வெளியில சொல்லுவா" என்றார். வாங்குகிறவர்கள் அப்புறம் ஏன்தான் அங்கே போகிறார்கள் என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், ஒருத்தன் போனான்னு இன்னொருத்தன் போறான்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. போகும்போது மட்டும், "பாப்பாகிட்ட நீயே சொல்லிடு, நான் சொல்லமாட்டேன்" என்றார். இதோ சொல்லிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்தேன். மன்னித்தால் அந்தக் கார் வந்துவிடப்போகிறதா. நீ வருவதாகச் சொன்னது அந்தக் காருக்காகத்தான் என்பதும் எனக்குத் தெரியும். என்னைப் பார்க்க என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. கல்லூரிக்கு சைக்கிளில் போகும்போது தலைக்கவசம் போடு. அம்மா இருந்தால் உன் தலையில் கை வைத்து என்ன சொல்வாளோ அதெல்லாம் உனக்குப் பலிக்கட்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வருவதாக இருந்தால் இனி ஒரு வழி டிக்கெட் போதாது, திரும்புவதற்கும் சேர்த்து வாங்கு. வேண்டாம் என்று ரத்து செய்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி நீ டிக்கெட் எடுத்திருக்கும் அந்த விமானத்துக்கு நான் வந்து நிற்பேன். எல்லோரும் வெளியே வந்த பிறகு வீட்டுக்குப் போய்விடுவேன்.

உன் அப்பா,
கர்ட்