அண்ணனின் இருமல்

மரியாதைக்குரிய உங்களுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு பழைய பாட்டுப்பெட்டிக் கடைக்குப் போனேன். கடையில் இருந்தது நான், விடுதிச் சமையலறையில் என்னோடு பாத்திரம் தேய்க்கும் நெட்டைச்சி, கடைக்காரர், மூன்று பேர்தான். என் சம்பளத்தில் ரெக்கார்டு பிளேயர் வாங்கிவிட்டேன்.

"சிடி இருக்கும்போது இது எதுக்கு பாட்டி? சிடியில கரகரப்பே இருக்காது," என்றார் கடைக்காரர்.

"கரகரப்பு கிடக்கட்டும். முதல்ல இதைப் போடு தம்பி."

செத்துப்போன என் அண்ணன் நாடகத்துக்குப் பாடிய இசைத்தட்டை நீட்டினேன். நம் வீட்டில் தட்டு இருந்தது, போட்டுக் கேட்கப் பெட்டி இருந்ததில்லை. முள் இறங்கியது. பாட்டுக்கு முன்னால் அண்ணன் இருமினார். தெருமுனையில் அந்த இருமல் கேட்டால்தான் அம்மா சோறு எடுத்து வைப்பாள்.

"யாரு இருமுறது?" என்று நெட்டைச்சி வாசலைப் பார்த்தாள்.

"எங்கண்ணன்," என்றேன்.

தட்டைத் துடைக்க உங்கள் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

உலை கொதிக்கிறது, போகிறேன். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்தத் தட்டைச் சிடியில் ஏற்றிக் கொடுத்து, "இருமலை எடுத்துட்டேன் அண்ணி, இப்ப சுத்தமா இருக்கு," என்று சிரித்த உங்கள் தம்பியை மட்டும் கேட்கவில்லை.