அந்த வரியை எழுதியது நான்தான், அண்ணே

என் அன்பான சீனி அண்ணனுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து பத்து மாதமாகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. இன்று எழுதுவது பாசத்தால் மட்டும் என்று சொன்னால் பொய். உங்கள்மேல் ஒரு பழியைப் போட்டுவிட்டேன். நாலு பேர் முன்னால் போட்டதை, நாலு பேர் படிக்கும்படிதான் எடுக்க வேண்டும்.

பந்தல்குடி சாலையில் இருக்கும் அந்தத் தறிக்கூடத்தை உங்களுக்குத் தெரியும். நம் புரோகிராமை முதலில் நம்பி வாங்கியவர்கள் அவர்கள்தான். முதலாளி அண்ணாச்சி, உங்கள் வீட்டு மதினிக்குத் தூரத்து உறவு. அங்கே ஆபீஸில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுவார்கள். தறிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லினக்ஸ் பெட்டி அதை வாங்கித் தறியை ஓட்டும். இரண்டிலும் ஓடுவது நாம் இருவரும் சேர்ந்து சி மொழியில் எழுதிய ஒரே புரோகிராம்.

ஐப்பசியில் ஒரு காலை அங்கிருந்து போன் வந்தது. அங்கே தறியில் நிற்கும் பாண்டியம்மா அக்காவின் கை உள்ளே மாட்டிக்கொண்டதாம். நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் போவதற்குள் அவரை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

நடந்தது இதுதான். டிசைன் மாறும் இடத்தில் தறி சில வினாடி தானாக நிற்கும், பிறகு தானாக ஓடும். அந்த வினாடிகளுக்குள் புரோகிராம் செயலிழந்தால், கடைசி வேலையாகத் தறிக்கு ‘ஓடாதே’ என்று ஒரு கட்டளை அனுப்பிவிட்டுத்தான் சாக வேண்டும். அந்தப் பகுதியை நீங்கள் எழுதினீர்கள். பெட்டியின் திரை உறைந்தால் தறி ஓடாது என்பது அங்கே எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அன்றும் திரை உறைந்தது. அறுந்த இழையை எடுத்து முடிய அக்கா கையை உள்ளே விட்டார். தறி ஓடியது.

“ஏம்மா, படம் நின்னா தறி ஓடாதுன்னுதானே சொன்னீக? இத எழுதுனது யாரு?” என்று அண்ணாச்சி கேட்டார். கூடத்தில் எல்லாத் தறியும் நின்றிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அந்தப் பகுதி சீனி அண்ணன் எழுதுனது அண்ணாச்சி. நான் அதத் தொட்டதே இல்ல.”

யோசிக்காமல் சொன்னேன். அப்போது அதை நம்பினேனா, நம்ப விரும்பினேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மதினி போன் செய்தார். “இவுக செஞ்சதுல தப்பு இருந்துச்சாம்மா? சொந்தக்காரங்க எல்லாம் பேசுறாக.” இல்லை என்று சொல்லியிருக்கலாம். “பாத்துட்டுச் சொல்றேன் மதினி” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள்தான் அந்தக் கோப்பைத் திறந்தேன். அதை நாம் எப்படி வைத்திருந்தோம் என்று நினைவிருக்கிறதா அண்ணே? விண்டோஸாக இருந்தால் இது, லினக்ஸாக இருந்தால் அது, யாரோ ஒருவர் கேட்டாரென்று மேக் கம்ப்யூட்டருக்குப் போட்ட துண்டு ஒன்று நடுவில். ஒரு வரியைப் படித்தால் அது எந்த மெஷினுக்கு என்று கண்டுபிடிக்க நாற்பது வரி மேலே போக வேண்டியிருந்தது. தொடங்கும் வரிசையும் கோளாறு. தறியோடு இணைப்பைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் செயலிழந்தால் என்ன செய்வது என்பதையே ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். ‘பொறவு சுத்தம் பண்ணிக்கலாம் தங்கச்சி’ என்று நீங்கள் சொன்னதும், நான் சரி என்றதும் எத்தனை தடவை!

ஆனால் விரலை எடுத்தது இது எதுவும் இல்லை.

நம் ஆபீஸிலேயே ஒரு லினக்ஸ் பெட்டியை வைத்து, தறிக்குப் பதில் ஒரு பல்பை மாட்டினேன். பல்பு எரிந்தால் தறி ஓடுகிறது என்று அர்த்தம். புரோகிராமை வேண்டுமென்றே சாகடித்துப் பார்த்தேன். திரும்பத் திரும்ப, பல்பு அணைந்தே இருந்தது. மூன்றாம் நாள் ஒரு தடவை எரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

‘ஓடாதே’ என்ற கட்டளைக்கு மேலே ஒரு வரி இருந்தது. எத்தனை மணிக்குச் செயலிழந்தது என்று ஒரு கோப்பில் எழுதும் வரி. அதற்குக் கொஞ்சம் நினைவகம் வேண்டும். நினைவகத்தைக் கேட்கும்போது வேறு யாரும் நுழையாதபடி புரோகிராம் ஒரு பூட்டுப் போடும். அந்த நேரத்திலேயே அது அடிபட்டிருந்தால், தானே போட்ட பூட்டைத் தானே திறக்க முடியாமல் அந்த வரியிலேயே காத்துக் கிடக்கும். கீழே இருக்கும் கட்டளைக்குப் போகவே போகாது.

அதற்கு நேர் மேலே, ஆங்கில எழுத்தில் தமிழாக நீங்கள் ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள்: “இங்கே எதையும் சேர்க்க வேண்டாம். ஓடாதே என்று சொல், வெளியேறு.”

எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டும் பதிவைத் திறந்தேன். உங்கள் பேர் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். என் பேர் இருந்தது.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. நீங்கள் பரிசோதனைக்கென்று மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. புரோகிராம் எப்போது நிற்கிறது என்றே தெரியவில்லை என்று ஒரு கூடத்தில் குறை சொன்னார்கள். உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே அந்த வரியைச் சேர்த்தேன். என் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அங்கே செயலிழப்பைக் கையாளும் வழியே வேறு. அதனால் ஒழுங்காக நின்றது. லினக்ஸ் பெட்டியில் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். உங்கள் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

திரும்பி வந்தபின் நீங்கள் அதைப் பார்த்தீர்களா அண்ணே? என் மனசு கோணுமென்று பேசாமல் இருந்துவிட்டீர்களா? இல்லை, திறந்து பார்க்க உடம்பில் தெம்பில்லையா?

அன்றே நம் புரோகிராம் ஓடும் ஆறு கூடங்களுக்கும் போய்ப் பெட்டிகளை நிறுத்தினேன். அண்ணாச்சியிடம், அன்று கேட்டவர்கள் எல்லோரும் நிற்கும்போதே, “தப்பு என்னோடது. சீனி அண்ணன் எழுதுனது சரியாத்தான் இருந்துச்சு” என்றேன். பிறகு மதினியிடம் போனேன்.

மதினி கடைசிவரை கேட்டார். தன் வீட்டுப் பேச்சான தெலுங்கில் தனக்குள் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, “கை போனவ வீட்டுக்குப் போகணும். நானும் வாரேன்” என்றார்.

அக்காவின் ஊரான எம்.ரெட்டியபட்டிக்கு இருவரும் பஸ் ஏறினோம்.

பாண்டியம்மா அக்கா வாசலில் உட்கார்ந்து இடது கையால் பருத்திச் சுளையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“இத முன்னாடியே பாத்திருக்கலாம்ல?”

“பாத்திருக்கலாம்க்கா.”

“அவுக செத்துட்டாகன்னு அவுக தலையில போட்டீக. நான் செத்திருந்தா என் தலையில போட்டிருப்பீக. ‘அவ எதுக்குக் கைய விட்டா’ன்னு.”

மதினி என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் உட்கார்ந்து வேலை செய்தேன். விண்டோஸுக்கு ஒரு கோப்பு, லினக்ஸுக்கு ஒரு கோப்பு; ஒன்றின் வரி இன்னொன்றில் இல்லை. மேக் துண்டை எடுத்துவிட்டேன். தொடக்கம் இரண்டுக்கும் பொதுவாக ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. செயலிழந்தால் செய்ய வேண்டியதற்கான ஏற்பாடு முதலில், தறியோடு இணைப்பு கடைசியில். என் வரி போய்விட்டது. நேரத்தைக் குறிக்கும் வேலையை வெளியே இன்னொரு சின்னப் புரோகிராம் செய்கிறது.

நாம் இருவருமே செய்த தப்பு ஒன்றும் இருந்தது. ‘ஓடாதே’ என்று சொன்னால்தான் நிற்கும் என்று வைத்தோமே, அது. இப்போது ‘ஓடு’ என்று சொன்னால்தான் ஓடும். சொல்ல ஆளில்லை என்றால் நின்றபடியே நிற்கும். இது நமக்கு ஏன் அப்போதே தோன்றவில்லை?

போன வாரம் அண்ணாச்சி கூடத்தில் வைத்துச் சோதித்தோம். பாண்டியம்மா அக்காவை நானே போய் அழைத்து வந்தேன். தறி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் புரோகிராமைச் சாகடித்தேன். பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். காலையிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்தார். தறி ஒரு தடவைகூட அசையவில்லை.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: “தறியில நான் திரும்ப நிக்க மாட்டேன். ஆனா நீங்க இதுல என்னத்த மாத்துனாலும் என்னயக் கூப்பிடுங்க. இப்படியே சாகடிச்சுக் காட்டுங்க. நான் பாத்துச் சரின்னு சொன்ன பொறவுதான் ஊருக்கு அனுப்பணும்.”

சரி என்று சொல்லியிருக்கிறேன், அண்ணே. அதையே உங்களுக்கும் சொல்கிறேன். அக்கா கண்ணால் பார்க்காமல் இனி ஒரு வரியும் எந்தத் தறிக்கும் போகாது. என் தப்புக்கு இன்னொருவர் பேரை என் வாய் இனிமேல் சொல்லாது.

இப்படிக்கு,
உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
செல்வி