மூன்று முறை இழுத்தேன்

மந்தைவெளி
11-8-1970

அன்புள்ள வடிவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, உன் மாமா கண்ணில் பட்டால் அவ்வளவுதான். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அம்மா என் அறை வாசலிலேயே பாய் போட்டுப் படுத்திருக்கிறாள். காலையில் இங்கே வேலை முடித்து உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும்போது வேலம்மா இதைத் தருவாள்.

நான் சாகவா கிணற்றில் இறங்கினேன்? அந்தப் படத்தைப் பத்திரிகையில் முதலில் பார்த்தது நீதான். ஐந்து அமெரிக்கப் பெண்கள் கடலுக்கடியில் ஒரு வீட்டில் இரண்டு வாரம் இருந்தார்கள், விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு அது ஒத்திகை என்று வாசித்துக் காட்டினாய். நாமும் பழகலாம் என்றாய். மிதந்து வராமலிருக்க என் இடுப்பில் குழவிக்கல்லைக் கட்டியது உன் கை. கயிற்றை மூன்று முறை இழு, தூக்கிவிடுகிறேன் என்றாய்.

இழுத்தேன். கயிறு முழுவதும் என் மேல் வந்து விழுந்தது.

குளிக்க வந்த சித்தப்பாதான் குதித்துத் தூக்கினார். இடுப்பில் கல்லைப் பார்த்ததும் அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். பயிற்சி என்று எவ்வளவோ சொன்னேன். யாரும் நம்பவில்லை. வேலம்மாகூடக் காதோடு, "யார்மா அந்தப் பையன்? எங்கிட்ட சொல்லு, நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்கிறாள். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை.

பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. தென்காசியில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் பெயரை நான் சொல்லவில்லை. நீயாகவே வருவாய்.

உன்
ஜெயபாரதி


14-8-1970

அன்புள்ள ஜெயா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூசுகிறது. அன்று உன் சித்தப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது, ஓடிவிட்டேன். உண்மையைச் சொன்னால் என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். அம்மாவும் நானும் மாமா வீட்டுச் சோற்றில் இருக்கிறோம், உனக்குத் தெரியாதா?

நேற்று உன் அப்பா வந்தார். "உள்ளதச் சொல்லு தாயி, பய எவனும் இருக்கானா?" என்று கேட்டார். மாமா பக்கத்தில் நின்றார். இருக்கிறான் என்று தலையாட்டிவிட்டேன்.

கல்யாணம் ஆன பிறகும் படிக்கலாம் இல்லையா? இனி எதுவும் கொடுத்தனுப்பாதே.

வடிவு


15-8-1970
இரவு

வடிவு,

அன்புள்ள என்று எழுத வரவில்லை.

நீ ஓடியதை மன்னித்திருப்பேன். நானாக இருந்தாலும் ஓடியிருப்பேனோ என்னவோ. ஆனால் தலையாட்டும்போது உன்னை யாரும் துரத்தவில்லை. கிணற்றுக்குள்ளே இருட்டு, காதில் வலி, அப்போதும் எனக்குப் பயமே இல்லை. மேலே வடிவு இருக்கிறாள் என்று இருந்தேன்.

இன்று கொடியேற்றத்துக்குப் புது ரிப்பன் கட்டிக்கொண்டு போனாயாம். வேலம்மா சொன்னாள். அப்பா தி. நகர் கடையைப் பாதியில் விட்டு வந்து, அவன் பெயர் என்ன என்று கேட்டார். சொல்லும்வரை சோறு கிடையாது. இல்லாதவனுக்கு எங்கே போய்ப் பெயர் தேடுவேன்? என்னிடம் இருப்பது ஒரே ஒரு பெயர். அதை ஐந்து நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா குரல். வடிவு, நான்